மழையை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு: கழிவுநீர்த் திட்டக் குழுவுக்கு ஓர் ஆபரேட்டரின் திறந்த மடல்

மழைக்காட்டுக் குடியிருப்புகளுக்கான சிறு கழிவுநீர்த் திட்டங்களை வகுத்து, ஒப்புதலும் நிதியும் தரும் குழுவினருக்கு,

எங்கள் குடியிருப்பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஏன் படுத்துவிட்டது என்று நீங்கள் அனுப்பிய அறிக்கையைப் படித்தேன். பதினோரு பக்கம். ‘காரணம்’ என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரே வரி: இயக்குபவரின் கவனக்குறைவு, பராமரிப்புக் குறைபாடு. அடுத்த பக்கத்திலேயே முடிவும் வந்துவிடுகிறது. அதே வகை நிலையம், அதே கொள்ளளவு, அதே இடத்தில் புதிதாக ஒன்று.

அந்த இயக்குபவர் நான்தான். ஆறு ஆண்டுகள் அந்தத் தொட்டிகளின் விளிம்பில் நின்றவன். என் பெயர் கெட்டுவிட்டதே என்ற ஆத்திரத்தில் எழுதுகிறேனா என்று கேட்டால், ஆமாம், அதுவும் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அந்த ஒரு வரியை நம்பி இரண்டாவது நிலையத்தையும் கட்டினால், அதையும் இதே மழை அடித்துக்கொண்டு போகும். அப்போது பழி சுமக்க இன்னொரு ஆபரேட்டர் கிடைப்பார்.

நடந்ததைச் சொல்கிறேன். நிலையத்தின் வடிவமைப்புத் தாளில் 200 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர், ஆக 20 கனமீட்டர் என்று இருந்தது. அதில் தவறில்லை. நாற்பது வீடுகளில் ஏறக்குறைய அத்தனை பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் தாளின் எந்த மூலையிலும் மழை என்ற சொல் இல்லை. மழைக்காட்டுக் காலநிலைக்குப் புவியியல் பாடம் தரும் இலக்கணமே, எந்த மாதமும் 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்ய வேண்டும் என்பதுதான். கோடை வந்ததும் பழுது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இங்கே கோடை கிடையாது.

ஒரு சாதாரணக் கூரை 60 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டுவது இங்கே அபூர்வம் இல்லை. அப்படிக் கொட்டினால் அந்த ஒரு கூரையிலிருந்து 3,000 லிட்டர் இறங்கும். முற்றத்தில் தண்ணீர் தேங்கி வீட்டுக்குள் ஏறுகிறது என்று பத்துப் பேர் தங்கள் கூரைக் குழாயைப் பக்கத்து மேன்ஹோலில் செருகிவிட்டார்கள் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 30 கனமீட்டர். ஒரு நாள் முழுக்க வர வேண்டிய கழிவுநீரைவிட ஒன்றரை மடங்கு. உச்ச நேர ஓட்டத்தைச் சராசரியின் மூன்று மடங்காக எடுத்தாலும் அந்த நிலையம் தாங்கக்கூடியது மணிக்கு 2.5 கனமீட்டர்தான். வந்து விழுவது அதைப்போலப் பன்னிரண்டு மடங்கு. குழாயைச் செருகியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. முற்றத்துத் தண்ணீர் வடிய வேறு வழி நீங்களும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.

கூரை கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்கடியில் நடப்பது தெரியாது. மூன்றாம் ஆண்டில் ஒருநாள் இரவு மூன்று மணிக்குக் கடைசி மேன்ஹோலைத் திறந்து பார்த்தேன். மழை நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது. எல்லா வீட்டிலும் விளக்கணைந்து உறக்கம். அந்த நேரத்தில் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வர வேண்டும். ஆனால் ஓடைபோலத் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. 20 லிட்டர் வாளியைப் பிடித்துப் பார்த்தேன், நாற்பது விநாடியில் நிறைந்தது. நாள் கணக்கில் அது 43 கனமீட்டர். யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றாமலே நிலையத்தின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நிலத்தடி நீர் குழாய் இணைப்புகள் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது. இதை லாக் புத்தகத்தில் எழுதினேன், கடிதமாகவும் அனுப்பினேன். இரண்டுமே உங்கள் அறிக்கையில் இல்லை.

அந்தத் தண்ணீர் நிலையத்துக்குள் போய் என்ன செய்கிறது? நீங்கள் தந்தது காற்றூட்டிய கசடு முறை. தொட்டிக்குள் ப்ளோயர் காற்றை ஊத, கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் சிறு சிறு திரள்களாக மிதந்து அழுக்கைத் தின்னும். அடுத்த தொட்டியில் அந்தத் திரள்கள் அடியில் படியும். படிந்ததைத் திரும்பப் பம்ப் செய்து முதல் தொட்டிக்கே அனுப்ப வேண்டும். முழு நிலையத்தின் உயிரும் அந்தப் பழுப்புக் கசடுதான். நல்ல கசடு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போனாலே சொல்லிவிடலாம், ஈர மண் வாசனை வரும். ஒரு லிட்டர் சிலிண்டரில் பிடித்து 30 நிமிடம் வைத்தால் 250, 300 மில்லிலிட்டர் அளவுக்குப் படியும். பெருமழை வந்த மறுநாள் காலை அதே சிலிண்டரில் 40 இருக்கும். மிச்சமெல்லாம் முந்தின இரவே படிவுத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி ஓடைக்குப் போயிருக்கும். மறுபடி வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அடுத்த பெருமழை. இப்படி எத்தனை முறை அடியிலிருந்து வளர்த்தேன் என்று பிற்பாடு நானே எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

இதில் எது கவனக்குறைவு?

மழை இல்லாத நாட்களிலும் நிம்மதி இருந்ததில்லை. தண்ணீர் சூடாக ஆகக் காற்றைக் கரைத்து வைத்துக்கொள்ளும் திறன் குறையும். 10 டிகிரியில் ஒரு லிட்டரில் 11 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் கரையும், எங்கள் தொட்டியின் 28 டிகிரியில் 8 மில்லிகிராமைக்கூட எட்டாது. நுண்ணுயிர்களோ சூட்டில் இன்னும் வேகமாகத் தின்று இன்னும் அதிகமாக ஆக்சிஜன் கேட்கும். ஆகவே ப்ளோயர் இங்கே கூடுதலாக உழைத்தாக வேண்டும். இடி இடித்தால் கரண்ட் போகும். இரண்டு முறை மின்னல் கண்ட்ரோல் பேனலையே எரித்தது. மாற்றுப் பலகை வந்து சேர ஒருமுறை ஏழு வாரம் ஆனது. ஏழு வாரம் காற்றில்லாத தொட்டி எப்படி நாறும் என்பதை அறிக்கை எழுதியவர் முகர்ந்திருந்தால் பதினோரு பக்கம் எழுதியிருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. எனக்கே நான்காம் ஆண்டில்தான் பிடிபட்டது. எல்லாம் நன்றாக ஓடுகிற மாதத்தில் திடீரென அம்மோனியா ஏறும். காற்று சரி, கசடு சரி, ஆனாலும் ஏறும். பி.எச். தாளை முக்கினால் 5.5, அதாவது தொட்டி அமிலமாகிவிட்டது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது ஒவ்வொரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கும் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் காரத்தன்மை, அதாவது அமிலத்தை முறிக்கும் சத்து, செலவாகும். ஒரு லிட்டர் கழிவுநீரில் 40 மில்லிகிராம் இருந்தால் 280-க்கு மேல் வேண்டும். ஆனால் எங்கள் குடிநீரே ஓடைநீரும் மழைநீரும்தான். ஆயிரம் முறை மழையில் அலசப்பட்ட மண்ணிலிருந்து வருகிற மென்நீர், அதில் சுண்ணாம்பு என்று சொல்ல எதுவும் இல்லை. உள்ளே வரும் கழிவுநீரைச் சோதித்தபோது காரத்தன்மை 150-ஐத் தாண்டியதே இல்லை. நிலையம் நன்றாக வேலை செய்யும்போதுதான் தன்னைத்தானே அமிலமாக்கிக்கொண்டு நின்றுபோகிறது! சுண்ணாம்பு போட்டால் தீரும் என்று தெரிந்த பிறகு மூட்டை கேட்டேன். வந்தது. இந்த ஈரக்காற்றில் பத்து நாளில் கல்லாக இறுகிவிட்டது. கடப்பாரையால் உடைத்துப் போட்டேன். அதையும் பராமரிப்புக் குறைபாடு என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

காற்றூட்டிய கசடு முறையைக் குறை சொல்ல நான் ஆளில்லை. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். பெருநகரங்கள் பலவற்றை இன்றும் அதுதான் காக்கிறது. நாலைந்து பொறியாளர், ஆய்வகம், இரட்டை மின் இணைப்பு உள்ள இடத்தில் அது அருமையான முறை. இங்கே இருந்ததோ நான் ஒருவன், ஒரு டார்ச் விளக்கு, ஒரு சிலிண்டர்.

சிலர் மறுபக்கம் சாய்வார்கள் என்பதும் தெரியும். இத்தனை தொல்லை எதற்கு, வீட்டுக்கொரு செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் போதும் என்பார்கள். உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பிலும் அந்த யோசனை ஒரு பத்தியாக இருக்கிறது. அதற்கும் இங்கே அனுபவம் உண்டு. உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டராவது உலர்ந்த மண் வேண்டும் என்கின்றன வழிகாட்டி நூல்கள். அழுக்குத் தண்ணீர் வடிகட்டப்படுவதே அந்த மண்ணில்தான். மழை கூடுதலாகப் பெய்கிற மாதங்களில் இங்கே ஒரு மண்வெட்டி ஆழத்திலேயே தண்ணீர் ஊறுகிறது. அப்போது குழி உறிஞ்சாது, குடிக்கிற ஊற்றோடு கலக்கும். செப்டிக் டேங்கிலிருந்து வெளிவருவது பார்க்கத் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி ஏராளமாக இருக்கும்.

மேல்தெருவில் ஃபைபர் டேங்க் ஒன்று முளைத்த கதையையும் சொல்ல வேண்டும். மண்ணுக்குள் புதைத்த 5 கனமீட்டர் செப்டிக் டேங்க். கசடை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டுக் காலியாக விட்டுப் போனார்கள். அன்று இரவு மழை. காலையில் டேங்க் முற்றத்துக்கு மேலே முழங்கால் உயரம் எழும்பி நின்றது, குழாய் இணைப்பெல்லாம் முறிந்துபோய். சுற்றிலும் நீர் ஏறினால் 5 கனமீட்டர் காலி டேங்கை மேலே தள்ளும் விசை 5 டன். டேங்கின் எடையோ சில நூறு கிலோ. அடியில் கான்கிரீட் பலகையில் கட்டியிருக்க வேண்டும். கட்ட வேண்டும் என்ற வரி உங்கள் நிலையான வரைபடத்தில் இல்லை.

அப்படியானால் நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். சூட்டை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். ஆக்சிஜன் கரைக்கத் தடையாக இருக்கிற இதே வெப்பம், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்களுக்கு வரம். குளிர்நாடுகளில் அந்த முறைக்குச் சூடேற்ற எரிபொருள் வேண்டும், இங்கே வானமே ஆண்டு முழுக்க அடுப்பு. நெதர்லாந்தில் 1970-களில் காட்ஸே லெட்டிங்கா என்ற ஆய்வாளர் உருவாக்கிய, கழிவுநீரை அடியிலிருந்து கசடுப் படுகை வழியாக மேலே ஏற்றும் மேல்நோக்கு ஓட்டத் தொட்டியை வீட்டுக் கழிவுநீருக்குப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது அவருடைய குளிர்நாட்டில் அல்ல. 1983-ல் கொலம்பியாவின் காலி (Cali) நகரில், 64 கனமீட்டர் தொட்டியில். பிறகு பிரேசிலில் அது பரவலானது. 200 பேர் அளவுக்கு அதையும் நான் கேட்கவில்லை. இன்னும் எளியது போதும். முதலில் படிவுத் தொட்டி. அடுத்து, தண்ணீரை மேலும் கீழுமாக வளைத்துக் கசடுப் படுகைக்குள் புகுந்து வரச் செய்யும் தடுப்புச் சுவர்த் தொட்டி, ஐந்தாறு அறைகளோடு. அதன் பின் செடி நட்ட சரளைப் படுகை. எதிலும் மோட்டார் இல்லை. சரிவு நன்றாக இருக்கிற ஊர், தண்ணீர் தானே இறங்கும்.

சரளைப் படுகையின் நுண்ணுயிர் கல்லிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு வாழும். நான் ஆறு ஆண்டு பட்ட பாட்டில் கற்றது இந்த ஒன்றைத்தான். மிதக்கிற உயிரை மழை கொண்டுபோகும், ஒட்டிக்கொண்ட உயிரைக் கொண்டுபோக அதற்குச் சிரமம். இந்த வெப்பத்தில், தொட்டிகளைத் தாண்டி வந்த நீருக்கு ஆளுக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் படுகை போதுமானது. 200 பேருக்கு 300 சதுர மீட்டர் என்று வையுங்கள். பெரிய மரம் ஒன்றைக்கூட வெட்டாமல் பழைய நிலையத்தின் வளாகத்திலேயே படிக்கட்டுபோல மூன்று படுகை அமையும். உள்ளூர் நாணல், சம்பு போன்றவை போதும். அழகாகப் பூக்கிறது என்று ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்துவிடாதீர்கள். அமேசான் படுகையில் அது வீட்டுப்பிள்ளை, மற்ற இடங்களில் ஏரிகளை விழுங்கும் களை.

குறையையும் நானே சொல்லிவிடுகிறேன். தடுப்புச் சுவர்த் தொட்டி அம்மோனியாவைக் குறைக்காது, கிருமியையும் பெரிதாகக் கொல்லாது, வெளிவரும் வாயுவில் மீத்தேன் இருக்கும், அழுகிய முட்டை நாற்றமும் இருக்கும். வாயுவைப் பிடித்து எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மண் வடிகட்டி வழியாக விட வேண்டும். 300 சதுர மீட்டர் படுகை மேலும் மழை விழத்தான் செய்யும், 50 மில்லிமீட்டருக்கு 15 கனமீட்டர். கரையை உயர்த்திக் கட்ட வேண்டும். சரிவிலிருந்து வழியும் நீரைச் சுற்றுக் கால்வாயில் திருப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கூரை நீரைப் பிரித்தாக வேண்டும். பிரிக்காவிட்டால் தடுப்புச் சுவர்த் தொட்டியின் கசடும் ஒருநாள் எழும்பிக்கொண்டு போகும். முறையை மட்டும் மாற்றி மழைக் கணக்கை விட்டுவிட்டால் நானும் உங்கள் அறிக்கையைத்தான் வேறு சொற்களில் எழுதியவன் ஆவேன்.

கசடைப் பற்றி அறிக்கையில் இருப்பது ‘அவ்வப்போது அகற்றப்படும்’ என்ற இரண்டே சொல். யார், எதில், எங்கே? ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் என்று வைத்தால் எங்களுக்கு 8 கனமீட்டர். பெருமழை மாதங்களில் இந்தப் பாதையில் லாரி ஏறாது. ஏறினாலும் எங்கே கொட்டும் என்று நீங்கள் கேட்டதில்லை, நான் பார்த்திருக்கிறேன். திறந்த உலர்படுகையில் பரப்பினால் காய்வதற்குள் நனையும். கூரை போட்ட படுகையோ செடி நட்ட கசடுப் படுகையோ வேண்டும். அதிலும் அவசரப்படக் கூடாது. உருண்டைப் புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் செத்துப்போகாமல் கிடக்கும். 20 டிகிரிக்கு மேல் உள்ள வெப்பப் பகுதியில்கூட, புதிதாக எதையும் சேர்க்காமல் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பிறகே மண்ணில் இடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆக ஒன்று நிரம்ப, ஒன்று ஓய்வெடுக்க, இரண்டு படுகையாவது வேண்டும்.

ஓடையைப் பற்றி ஒரு வார்த்தை. மரநிழலில் ஓடும் காட்டோடை உண்பது உதிர்ந்த இலையைத்தான். வெளிச்சம் குறைவு, சத்தும் குறைவு. அந்தப் பட்டினியில் வாழப் பழகிய உயிர்கள்தான் அதில் இருக்கின்றன. நிலையம் திணறிய வாரங்களில் வெளிக்குழாய்க்குக் கீழே கற்களில் சாம்பல் நிறப் பாசிபோல ஒன்று வழுவழுவென்று படர்ந்தது, அது கழிவுநீர்ப் பூஞ்சணம். குழாய்க்கு மேலே கல்லைப் புரட்டினால் பூச்சிகள் ஓடின, கீழே புரட்டினால் புழுக்கள் மட்டும். இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், குனிந்தால் போதும்.

இனி நான் கேட்பவை.

புதிய நிலையத்துக்கான ஒப்பந்தத்தை இப்போதே நிறுத்தி வையுங்கள். நாற்பது வீட்டின் கூரை இணைப்பையும் ஒவ்வொரு மேன்ஹோலையும் சோதித்து, மழை நாளிலும் மழையில்லா நாளிலும், பகலிலும் இரவு மூன்று மணிக்கும் ஓட்டத்தை அளந்த பிறகே கொள்ளளவை முடிவு செய்யுங்கள். அளப்பதற்கு நான் கூலி கேட்கவில்லை.

திட்டச் செலவின் முதல் பகுதியைக் கூரை நீர்க் கால்வாய்க்கும் குழாய் இணைப்புகளைச் சரிசெய்யவும் ஒதுக்குங்கள். அது முடிந்த பிறகே தொட்டி. மின்சாரம் இல்லாமல் இயங்கும் முறையையும், நீங்கள் முடிவு செய்திருக்கும் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டும் செலவை மட்டும் பார்க்காமல் பத்தாண்டு ஓட்டும் செலவையும் சேர்த்து ஒப்பிட்டு, அந்தத் தாளைக் குடியிருப்பில் ஒட்டுங்கள். கசடு போகும் இடம் எதுவென்று வரைபடத்தில் குறிக்காத எந்தத் திட்டத்துக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். பூமிக்குள் இறக்கும் ஒவ்வொரு டேங்குக்கும் மிதவைக் கணக்கையும் அடிப்பலகையையும் கட்டாயமாக்குங்கள்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தொட்டிக்கும் காய்ச்சல் வருகிறது. அவர்களுக்குக் கையுறை, பூட்ஸ், தடுப்பூசி, ஆண்டு முழுவதற்கும் சம்பளம் ஆகியவை திட்டத்தின் உள்ளேயே இருக்க வேண்டும். மூடிய தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். ஒருமுறை என்னை இறங்கச் சொன்னார்கள், நான் மறுத்தேன். அறிக்கையில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று நீங்கள் எழுதியிருப்பது அந்த நாளைத்தான்.

கடைசியாக, ‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்ற வரியை நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால், என் ஆறு ஆண்டு லாக் புத்தகங்களை அந்த அறிக்கையோடு பின்னிணைப்பாகச் சேருங்கள். ஐந்து புத்தகம், ஒன்றில் மட்டும் கடைசிப் பக்கங்கள் மழையில் நனைந்து மசி கலைந்திருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம். வெயில் நாள் பார்த்து வராமல், பெருமழை பெய்த மறுநாள் விடிவதற்கு முன் வாருங்கள். கடைசி மேன்ஹோல் மூடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வாளி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அந்த நிலையத்தின் முன்னாள் ஆபரேட்டர்